குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது: திறந்து தைப்பதா, சின்னத் துளை வழியாகத் தைப்பதா?

வயது 36, ஷட்டில் ஆடும்போது அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) முழுசாக அறுந்துவிட்டது, ஐந்து நாள் ஆகிறது, ஒரு டாக்டர் திறந்து தைக்கலாம் என்கிறார், இன்னொருவர் சின்னத் துளை போதும் என்கிறார், எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அந்தக் கேள்வியில் என் கண் போய் நின்றது 'ஐந்து நாள்' என்ற இடத்தில்தான். எனக்கு அறுந்திருக்கிறது என்று தெரியவே 25 நாள் ஆகிவிட்டது. உங்களுக்கு இருக்கிற இந்த இரண்டு வழியும் எனக்கு இல்லாமல் போனதற்கு அந்த 25 நாள்தான் காரணம்.

நான் டாக்டர் இல்லை. கடலூரில் ஒரு பள்ளியில் 17 வருடமாக உடற்கல்வி ஆசிரியை. 'டாக்டர் இல்லாதவர் எதற்கு மருத்துவத்தில் மூக்கை நுழைக்கிறார்' என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். ஆபரேஷன் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. எனக்கு நடந்ததையும், அப்புறம் நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

2023 ஆசிரியர் தினம். ஆசிரியர்களுக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் த்ரோபால் மேட்ச். பின்னால் போன பந்தைப் பிடிக்க இடது காலை ஊன்றி எம்பினேன். யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது, 'டப்' என்று ஒரு சத்தம். எந்தப் பிள்ளை உதைத்தது என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. இது அறுந்த எல்லாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

வலி அரை மணி நேரத்தில் குறைந்துவிட்டது. நொண்டி நொண்டி நடக்கவும் முடிந்தது. இங்கேதான் ஏமாந்துபோகிறோம். பாதத்தைக் கீழே அழுத்த காலில் வேறு சில தசைகளும் இருக்கின்றன, அவை கொஞ்ச நாள் சமாளிக்கும். பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். தசைநாண் எக்ஸ்ரேயில் எலும்பு மாதிரித் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா?

பத்து நாளில் சரியாகவில்லை. அம்மா எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஏனென்றால் குதிகாலுக்கு நான்கு விரல் மேலே கட்டை விரலை வைத்துவிட்டு, "டீச்சரம்மா, இங்க பள்ளமா இருக்கே, இது சுளுக்கு இல்ல" என்று முதலில் சொன்னவர் அவர்தான். நீவவும் மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் வீக்கம் வற்றட்டும் என்று மேலும் சில நாள் ஓட்டினேன்.

கடைசியில் புதுச்சேரிக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு பாதமும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. வலது கெண்டைக்கால் சதையைக் கையால் பிழிந்தார், பாதம் சட்டென்று கீழ்நோக்கி அசைந்தது. இடது காலைப் பிழிந்தார். பாதம் அப்படியே கிடந்தது. அவ்வளவுதான் சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாம்சன் டெஸ்ட் என்று பெயராம். 17 வருடம் பிள்ளைகளை ஓட விட்டவள், இந்த ஒரு நிமிடச் சோதனையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் சக ஆசிரியர்களைப் பெஞ்சில் படுக்கவைத்துச் செய்துகாட்டுகிறேன்.

அந்த டாக்டர் இன்னொன்றும் கேட்டார். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று. முந்தைய மாதம் நீர்க்கடுப்புக்கு ஐந்து நாள் சாப்பிட்டிருந்தேன். அந்த வகை மாத்திரைகள் தசைநாணை பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறது. என் கால் அதனால்தான் போனது என்று சொல்ல முடியாது. நீங்கள் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். திறந்து தைப்பது என்றால் குதிகாலுக்கு மேலே, நடுவில் இல்லாமல் சற்று உள்பக்கமாக, எட்டு பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, அறுந்த இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்து இழுத்துக் கட்டுவது. தையல் உறுதியாக நிற்கும். ஆனால் அந்த இடத்தில் தோல் மெல்லிசு, ரத்த ஓட்டமும் குறைவு. புண் ஆறச் சுணங்கும், சீழ் பிடிக்கவும் கூடும். சர்க்கரை, சிகரெட் இருந்தால் இன்னும் மோசம். சின்னத் துளை முறையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல் போதும், புண் தொல்லை குறைவு. அதில் உள்ள பயம் வேறு: பக்கத்தில் போகும் உணர்ச்சி நரம்பு தையலில் மாட்டிக்கொண்டால் பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும்.

நம் வீடுகளில் தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். "நரம்பு கட் ஆயிடுச்சு" என்று என் மாமியார் போனில் சொல்ல, நெல்லிக்குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் எனக்குப் பக்கவாதம் என்று அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். டாக்டர் 'நரம்பு' என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. ஆபரேஷன் இல்லாமலே ஆற விடுவது. நார்வேயில் 526 பேரை இந்த மூன்று வழியிலும் பிரித்துப் பார்த்த ஆய்வு 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்து, காலின் பலமும் நடமாட்டமும் எப்படி என்று அவர்களையே கேட்டு மதிப்பெண் போட்டதில், மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திரும்ப அறுந்தது ஆபரேஷன் இல்லாதவர்களில் 6.2 சதவீதம், இரண்டு ஆபரேஷன் குழுக்களிலும் 0.6 சதவீதம். உணர்ச்சி நரம்பு பாதிப்பு சின்னத் துளையில் 5.2, திறந்து தைத்ததில் 2.8, ஆபரேஷன் இல்லாததில் 0.6. எந்தத் தொல்லை உங்களுக்குப் பரவாயில்லை என்று இதை வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் திரும்ப ஷட்டில் ஆடியே தீர வேண்டும் என்றால், திரும்ப அறுவதை நினைத்து ஆபரேஷன் பக்கம் சாய்வது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. வில்லியனூரில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு 52 வயது, சர்க்கரையும் உண்டு. மூன்றாம் நாளே விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுப் போட்டு, அப்புறம் குதிகாலில் ஆப்பு வைத்த பூட்ஸ் மாட்டி, ஆபரேஷன் இல்லாமலே ஆற்றினார்கள். இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறார், மாடிப்படி ஏறுகிறார்.

இந்த மூன்றும் புதிதாக அறுந்தவர்களுக்கு. எனக்கு எம்.ஆர்.ஐ.யில் இரண்டு முனைக்கும் இடையே மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, சதை மேலே சுருங்கிப்போயிருந்தது. இழுத்தாலும் எட்டாது. அதனால் கெண்டைக்காலில் 'வி' வடிவமாக வெட்டி 'ஒய்' வடிவமாகத் தைத்து நீளம் எடுத்தார்கள். கீறல் பாதிக் காலுக்கு நீண்டது. கீழ் முனையில் புண் ஆற ஐந்து வாரம் ஆனது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கட்டு மாற்றப் போனேன்.

அந்த லீவில் என் மனசை அறுத்தது வேறு ஒன்று. எனக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. விளையாட்டுப் பீரியட் எல்லாம் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விட்டது. ஜூனிலிருந்து காலை ஆறரை மணிக்கு வந்து பழகிய கோகோ பெண்கள் குறுவட்டப் போட்டிக்கே போகவில்லை, கூட்டிப்போக ஆள் இல்லையாம். கணக்கு டீச்சர் மூன்று மாதம் லீவு போட்டால் அந்தப் பீரியட்டை என்னிடம் தந்து விளையாட விடுவார்களா? ஒரு நாளும் விடமாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் அந்தப் பெண்களுக்காக இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்றிருந்தது.

பிசியோவைத் தவறவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு, குக்கர் விசில் வரும்வரை என்று கணக்கு வைத்துச் செய்தேன். இடது கெண்டைக்கால் இன்றும் வலதைவிடச் சின்னதுதான். தழும்பின் கீழ் முனை சரியாகக் கொலுசு உட்காரும் இடத்தில் இருக்கிறது, உரசினால் எரியும். அதனால் இரண்டு கொலுசையும் கழற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டியது: எந்த வழி என்று முடிவாகும் வரை பாதத்தைத் தட்டையாக ஊன்றி நடக்காதீர்கள். விரல் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு கட்டுப் போட்டுத் தரச் சொல்லுங்கள், முனைகள் விலகாமல் இருக்கும். கட்டுப் போட்ட காலில் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம், ராத்திரி என்று பார்க்காமல் ஓடுங்கள். இரண்டு டாக்டர்களிடமும் அவரவர் சொல்கிற முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள் தம்பி, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.