அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ-யின் யுனைடெட் கிங்டம் சாம்பியன்ஷிப் பட்டத்தின் வரலாறு என்ன? அதை ஏன் நிறுத்திவிட்டார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நம் ஊரில் ரெஸ்லிங் பார்க்கிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு பெல்ட் இருந்ததே தெரியாது. டிவியில் வரும் ரா, ஸ்மாக்டவுனோடு நின்றுவிடுகிறோம். ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் நான் பார்த்த மிகச் சிறந்த மேட்ச்களில் மூன்று இந்தப் பட்டத்துக்காக நடந்தவை.

தேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 15 அன்று லண்டன் ஓ2 அரங்கில், நிறுவனத்தின் நிர்வாகிகளில் ஒருவரான மல்யுத்த வீரர் டிரிபிள் எச் இந்தப் பட்டத்தை அறிவித்தார். 2017 ஜனவரி 14, 15 தேதிகளில் 16 பேர் மோதிய போட்டியில் முதல் சாம்பியன் உருவானார். 2022 செப்டம்பர் 4 அன்று இன்னொரு பட்டத்தோடு சேர்த்து இதை முடித்துவிட்டார்கள். மொத்த ஆயுள் ஐந்தரை வருடத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் ஐந்தே பேர்தான் இதை வைத்திருந்தார்கள்.

"முடிவு முன்பே எழுதப்பட்டதுதானே, இதில் வரலாறு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஜெயிப்பார் என்பதை ஒருவர் எழுதுகிறார் என்பது உண்மைதான். யாரிடம் கொடுத்தார்கள், எவ்வளவு நாள் விட்டுவைத்தார்கள், யாரிடம் தோற்க வைத்தார்கள் என்பதெல்லாம் அதனாலேயே யோசித்து எடுத்த முடிவுகள் ஆகின்றன. இந்தப் பட்டத்தில் அந்த முடிவுகளைப் பெரும்பாலும் பொறுமையாக எடுத்தார்கள்.

இதற்கு முந்தைய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1930-களில் அது கட்டுப்பாடில்லாமல் போய், லண்டனில் தடை விதிக்கும் அளவுக்குக் கெட்டுவிட்டது. 1947-இல் மவுண்ட்இவான்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு விதிகளை எழுதியது. (இவர் கேப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் துணைத் தலைவராகப் போன கடற்படை அதிகாரி. மல்யுத்த விதிகளுக்கு இவர் பெயர் வந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.) ஐந்து நிமிடச் சுற்றுகள், இரண்டு முறை வீழ்த்தினால் வெற்றி, எடைக்கு ஏற்ற பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பிரிட்டிஷ் சாம்பியன் என்று எல்லாம் ஒழுங்காயின. 1952-இல் ஜாயின்ட் புரமோஷன்ஸ் என்ற பெயரில் அமைப்பாளர்கள் கூடி, அந்தப் பட்டங்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவி சனிக்கிழமை பிற்பகல்களில் ஒளிபரப்ப, ஊரே உட்கார்ந்து பார்த்தது. விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய 'ஸ்நேக் பிட்' என்ற பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த பில்லி ராபின்சன் மாதிரி ஆட்கள் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த காலம் அது. நிஜப் பிடி தெரிந்தவர்கள்.

1988 டிசம்பரில் ஐடிவி ஒளிபரப்பை நிறுத்தியது. அதோடு, நாடு முழுவதும் ஏற்றுக்கொள்ளும் ஒரே பட்டம் என்று எதுவும் இல்லாமல் போனது. திறமை இருந்தவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். சின்ன வயதில் அண்ணனும் நானும் ரெஸ்லிங் டிரம்ப் கார்டு விளையாடும்போது பிரிட்டிஷ் புல்டாக் என்ற வீரரின் கார்டு வந்தால் பைசெப்ஸ் சொல்லித்தான் அடிப்போம். அவரும் ஐடிவி மல்யுத்தத்தில் பொடியனாக ஆரம்பித்தவர்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, 2016-க்கு வருவோம். ஐடிவி பழைய மல்யுத்த நிகழ்ச்சியை மீண்டும் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, டிசம்பர் 31 அன்று ஒரு சிறப்பு நிகழ்ச்சியையும் ஒளிபரப்பியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் டபிள்யூடபிள்யூஈ தன் பட்டத்தை அறிவித்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. சந்தையை இன்னொருவர் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த பெல்ட் என்பதே என் கணிப்பு.

ஆனால் இடத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிளாக்பூல் கடற்கரை ஊர். அங்குள்ள எம்ப்ரஸ் பால்ரூம், சரவிளக்குகள் தொங்கும் பழைய நடன மண்டபம். அதே ஊரின் கேளிக்கைப் பூங்காவில் பதின்வயதில் மல்யுத்தம் செய்ய ஆரம்பித்தவர் வில்லியம் ரீகல். அவரையே போட்டியின் பொறுப்பாளராக நிறுத்தினார்கள். பெல்ட்டின் நடுவில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம். கடைசி மேட்ச்சில் பீட் டன்னை வென்று பட்டத்தை வாங்கிய டைலர் பேட்டுக்கு அப்போது வயது 19. முறுக்கு மீசை வைத்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பான்.

நான்கு மாதம் கழித்து, 2017 மே 20, சிகாகோவில் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். நமக்கு அது ஞாயிறு அதிகாலை. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். கால் மணி நேர மேட்ச்தான். அமெரிக்க ரசிகர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு பையன்களையும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. முடிவதற்குள் அரங்கமே எழுந்து நின்றது. டன் எதிராளியின் விரல்களைப் பிரித்து முறிப்பது போல் வளைப்பார், பார்க்கும் நமக்கே கை கூசும். அன்று அவர் ஜெயித்து, 685 நாட்கள் வைத்திருந்தார். பெல்ட்டைப் பல்லால் கடித்தபடி வருவதுதான் அவர் அடையாளம். இந்தப் பட்டத்துக்கென்று தனி வார நிகழ்ச்சியே இல்லாத காலத்தில், அமெரிக்காவிலும் பிரிட்டனின் சிறிய மேடைகளிலுமாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து அதற்கு மதிப்பு சேர்த்தவர் டன். டபிள்யூடபிள்யூஈ-யின் இளம் வீரர்களுக்கான பிரிவு என்எக்ஸ்டி; அதன் பிரிட்டிஷ் கிளையான என்எக்ஸ்டி யூகே என்ற வார நிகழ்ச்சி 2018-இல்தான் வந்தது.

2019 ஏப்ரல் 5 அன்று புரூக்ளினில் டன்னை வீழ்த்தியவர் வால்டர். இன்று குந்தர் என்ற பெயரில் நீங்கள் பார்க்கிறீர்களே, அவரேதான். அப்போது இன்னும் கனத்த உடம்பு. வியன்னாக்காரர். ஒரு ஆஸ்திரியரிடம் பிரிட்டிஷ் பட்டமா என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. வெளியாள் பிடுங்கிக்கொண்டு போனால்தானே ஊர்க்காரனுக்கு அது வேண்டும் என்று தோன்றும்?

அந்த உணர்வு முழுதாக வெளிப்பட்டது 2019 ஆகஸ்ட் 31, கார்டிஃப் நகரில். வால்டரை எதிர்த்து டைலர் பேட். ஒரு தலைக்கு மேல் உயர வித்தியாசம். நாற்பது நிமிடத்துக்கும் மேல் போன மேட்ச். வால்டர் உள்ளங்கையை விரித்து மார்பில் அறையும் ஒவ்வொரு அடிக்கும் அரங்கத்தில் முனகல் எழும். ஒரு கட்டத்தில் பேட் அந்த மலையைத் தோளில் தூக்கிச் சுற்றுகிறான், கால் தள்ளாட, விடாமல். அவன் ஜெயிக்கப் போவதில்லை என்று என் மூளைக்குத் தெரியும், ஆனாலும் கட்டிலில் முட்டி போட்டு உட்கார்ந்து கத்தினேன். அவன் தோற்றான். தோற்றவனுக்காகக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

2020 ஜனவரியில் பெயரை என்எக்ஸ்டி யுனைடெட் கிங்டம் சாம்பியன்ஷிப் என்று மாற்றினார்கள். அப்புறம் கொரோனா. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் மல்யுத்த உலகில் தாங்கள் அனுபவித்த பாலியல் துன்புறுத்தல்களைப் பெண்கள் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். நிறுவனம் சிலரை நீக்கியது. அது பேசப்பட்டே ஆக வேண்டிய விஷயம். இந்தப் பட்டத்தைக் கொண்டாடும்போது அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாஸ்கோவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த இல்யா டிராகுனோவ், அக்டோபரில் வால்டரை எதிர்த்தார். ஆள் இல்லாத ஸ்டூடியோ. அடி விழும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும். வால்டர் கழுத்தை நெரித்து மயங்க வைத்து ஜெயித்தார். 2021 ஆகஸ்ட் 22, மறுபடி அதே இருவர். இந்த முறை டிராகுனோவ் பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்க, வால்டர் கையைத் தட்டிச் சரணடைந்தார். 870 நாட்கள் அன்று முடிந்தன. டன்னும் வால்டரும் சேர்ந்தாலே பட்டத்தின் ஆயுளில் முக்கால் பங்கு. அடிக்கடி கை மாறாததால்தான் மாறிய நாட்கள் எல்லாம் நினைவில் நிற்கின்றன.

முடிவு அவசரமாக வந்தது. 2022-இல் டிராகுனோவ் கணுக்காலில் அடிபட்டுப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். காலியான பட்டத்துக்கு ஒரு போட்டி நடத்தி, அதில் டைலர் பேட் இரட்டையர் மேட்ச்களில் தன் பழைய கூட்டாளியான டிரென்ட் செவனை வென்றார். ஆகஸ்டிலேயே என்எக்ஸ்டி யூகே-யை மூடுவதாகவும், 2023-இல் என்எக்ஸ்டி ஐரோப்பா வரும் என்றும் அறிவித்துவிட்டார்கள். செப்டம்பர் 4 அன்று ஆர்லாண்டோவில் என்எக்ஸ்டி சாம்பியனாக இருந்த அமெரிக்கர் பிரான் பிரேக்கர், பேட்டை வென்று இரண்டு பட்டங்களையும் ஒன்றாக்கினார். 2023 வந்து போனது, ஐரோப்பா நிகழ்ச்சி வரவில்லை.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சந்தையைப் பிடிக்க வந்தார்கள், பிரிட்டனின் சிறு நிறுவனங்களிலிருந்து நல்ல ஆட்களை எடுத்துக்கொண்டார்கள், கொரோனாவுக்குப் பிறகு தனி நிகழ்ச்சி நடத்துவது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பிளாக்பூலில் தொடங்கியதை பிளாக்பூலிலாவது முடித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பார்க்க விரும்பினால் சிகாகோ மேட்ச்சில் ஆரம்பியுங்கள், அப்புறம் கார்டிஃப். ஸ்டூடியோவில் நடந்த வால்டர்–டிராகுனோவ் மேட்ச்சை இரவில், ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள்.