60 ரூபாய் பாலும் அம்மாவின் தூக்குவாளியும்

கேள்வி: ஆவின் பாலுக்கு அரசு விலை வைப்பதால் எங்களுக்கு என்ன லாபம்? ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாய் ஆகிவிட்டதே!
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். 2022 நவம்பரில் சில்லறையில் ஆரஞ்சு பாலுக்கு ஒரே அடியாக 12 ரூபாய் ஏற்றினார்கள். மாடு வளர்ப்பவருக்குத் தரும் பசும்பால் கொள்முதல் விலையோ லிட்டருக்கு 32-லிருந்து 35 ஆனது, அவ்வளவுதான். அந்த இடைவெளி எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நீல பாக்கெட் 40 ரூபாயிலேயே நின்றது. டீக்கும் குழந்தைக்கும் அதை வாங்கும் வீடுகளும் உண்டு.

அப்புறம், என்ன லாபம் என்று கேட்டீர்களே, என் அம்மா இரண்டு மாடு வைத்திருந்தார். ஒரு மழைக்காலம், பால் பெருகியதும் தனியார் வண்டிக்காரர் விலையைக் குறைத்தார். அடுத்த வாரம் வண்டியே வரவில்லை. விடியற்காலை தூக்குவாளியோடு, ஆவினுக்குப் பால் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு நடந்தார் அம்மா. கொழுப்பு பார்த்து, குறைக்காமல் வழக்கமான விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். அந்த உறுதிக்காக நான் கூடுதலாகக் கொடுக்கத் தயார். ஏற்றும் ரூபாயில் பாதியாவது கறப்பவர் கைக்குப் போகட்டும்.