வீடு கட்டுவோர் கேள்வி-பதில்: தலை காட்டாத திருகாணி

கேள்வி: சுவர்ப்பூச்சு முடிந்த பிறகு தேக்குக் கதவு நிலைகளைத் திருகாணி போட்டுப் பொருத்தலாம் என்று எங்கள் தச்சர் சொல்கிறார். தம்பி வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். திருகாணித் தலைகளை மறைக்க மேலே அடைத்த மக்கு (குழி நிரப்பும் பசை) இரண்டே மழைக்காலத்தில் உதிர்ந்து, நிலை முழுக்கக் கரும்புள்ளியாகக் கிடக்கிறது. தலையும் தெரியக் கூடாது, தச்சருக்கும் வேலை கூடக் கூடாது. வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. மரம் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். மக்கு அதனோடு சேர்ந்து அசையாது என்பதால் ஓரத்தில் விட்டுக்கொடுத்து, பிறகு வில்லையாக விழுந்துவிடுகிறது. கறுப்புக்குக் காரணம் வேறு. இரும்பின் துரு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுத்துப்போகும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆகவே எந்த முறையில் பொருத்தினாலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையே வாங்குங்கள்.

எளிய வழி, கதவு வந்து முட்டும் விளிம்பை நிலையிலேயே செதுக்காமல் தனிப் பட்டியாகச் செய்துகொள்வது. கதவின் கனம் 35 மி.மீ. என்றால், நிலையின் உட்பக்கத்தில் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, 15 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் உள்ள காடி ஒன்றை மேலிருந்து கீழ்வரை இழுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலை இது. சுவரில் இறங்கும் திருகாணிகள் அனைத்தும் இந்தக் காடியின் அடியில்தான் போக வேண்டும். அதன்பின் 24 மி.மீ. உயரமுள்ள பட்டியைக் காடிக்குள் அழுத்தினால் பாதி உள்ளே போகும், பாதி வெளியே நின்று கதவைத் தாங்கும், தலைகள் அடியில் மறைந்துவிடும். பட்டிக்குப் பசை மட்டும் வேண்டாம். இறுக்கமான பொருத்தமும் நாலைந்து சிற்றாணிகளும் போதும். ஐந்து வருடம் கழித்து நிலை அசைந்தால், பட்டியை நெம்பி எடுத்துத் திருகாணியை முடுக்கிவிட்டு மறுபடி அழுத்திவிடலாம். மறைத்த திருகாணியை மீண்டும் எட்ட முடியாதென்றால், அது மறைத்ததாகாது, புதைத்ததாகும்.

நீளத்தைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். இரண்டரை அங்குலக் கனமுள்ள நிலையில் காடி போக மிஞ்சும் மரம் 50 மி.மீ.; சுவருக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியும் பூச்சும் சேர்ந்து 25 மி.மீ. வரை வரும், செங்கல்லுக்குள் 50 மி.மீ.யாவது இறங்க வேண்டும். ஆக, 125 மி.மீ.க்குக் குறையாத, நைலான் உறையோடு வரும் நீளத் திருகாணிதான் பொருந்தும். பூச்சு பிடிமானம் தராது என்பதால் அதை இறங்கும் ஆழத்தில் சேர்க்காதீர்கள். ஏழு அடி நிலைக்குப் பக்கத்துக்கு நான்கு போதும். கீல்களை ஒட்டியே அவை அமையட்டும்.

பெரும்பாலான தவறு முடுக்கும்போதுதான் நடக்கிறது. நிலைக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால், திருகாணி இறுக இறுக நிலை சுவரை நோக்கி வளையும், கதவோரத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும். ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் எதிரெதிராக இரண்டு மர ஆப்புகளைச் செருகி, தூக்குக்குண்டு பிடித்து, மூலைக்கு மூலை அளவு சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடுக்கச் சொல்லுங்கள். இடைவெளியில் பீய்ச்சி அடைக்கும் நுரையை மட்டும் நம்பி நிறுத்திய நிலை கதவின் பாரத்தைத் தாங்காது.

கேள்வி: ஜன்னல் சட்டத்தின் மூலைகளை நாக்கும் துளையும் செதுக்கி (ஒரு சட்டத்தின் முனை மற்றதன் துளைக்குள் நுழையும்படி) இணைக்க நேரமில்லை என்கிறார் எங்கள் தச்சர். திருகாணியால் இணைத்தால் வெளியே தெரியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சுவரைப் பார்த்த பக்கத்திலிருந்து போட்டால் தெரியாது, சட்டம் சுவருக்குள் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் மரத்தின் வெட்டுமுனையில் திருகாணியின் பிடிப்பு குறைவு. எனவே பக்கச் சட்டத்தில் 10 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, குறுக்குச் சட்டத்தின் முனையை அதற்குள் உட்காரவையுங்கள். பாரத்தை மரம் ஏற்றுக்கொள்ளும், திருகாணிக்கு விலகாமல் இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். மூலைக்கு இரண்டு, முன்துளை போட்டு, பசையோடு. பழைய நிலைகளில் நாக்கின் குறுக்கே மர ஆணி அடித்தார்களே, அந்த உறுதி இதற்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவாசலுக்கு மட்டுமாவது நாக்கும் துளையுமே செய்யச் சொல்லுங்கள்.

முகப்பில் திருகாணி போட்டே தீர வேண்டிய இடம் வந்தால் 10 மி.மீ. குழி எடுத்து, அதே மரத்தில் வெட்டிய வில்லையை ரேகை ஒத்துப்போகும்படி ஒட்டி, காய்ந்ததும் உளியால் சீவிவிடலாம். மக்கைவிட இது பல மடங்கு மேல்.

கேள்வி: யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னலின் அடிச்சட்டத்தில் துளையிட்டுத் திருகாணி போட்டு, மேலே மூடி வைத்துவிட்டார்கள். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பக்கச் சட்டங்களுக்குச் சரி, மூலையிலிருந்து 150 முதல் 250 மி.மீ. தள்ளியும், ஒரு திருகாணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 600 மி.மீ.க்கு மிகாமலும் இருந்தால் போதும். அடிச்சட்டத்தில் தவிர்ப்பதே நல்லது. மழைநீர் தேங்கி வடியும் இடம் அது. மூடியின் ஓரமாகக் கசியும் நீர் சட்டத்துக்கு உறுதி தர உள்ளிருக்கும் இரும்புக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்து சுவருக்கும் இறங்கும். அங்கே வெளிப்பக்கமாகப் பிடிக்கும் தகடுதான் முறை. போட்டது போட்டாகிவிட்டதால், மூடியைக் கழற்றித் துளைக்குள் சிலிக்கான் அடைத்து மூடச் சொல்லுங்கள், அதுவும் மழை தொடங்கும் முன்பாக.