கே.எஸ். கிருஷ்ணன் வீணாகிப்போனாரா?

வணக்கம் ஐயா,

இயற்பியல் விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் பக்கத்து வத்திராயிருப்புக்காரர். சி.வி. ராமனோடு சேர்ந்து அவ்வளவு உழைத்தும் நோபல் கிடைக்கவில்லை. அது போகட்டும், சுதந்திரம் வந்ததும் அவரை டெல்லியில் அதிகாரியாக உட்காரவைத்து ஃபைல் பார்க்க விட்டுவிட்டார்களே? என் தங்கை மகன் பிஎச்.டி. முடித்துவிட்டு அரசு ஆய்வகம் ஒன்றில் சேரப்போகிறான். அவனுக்கும் இதே கதிதானோ என்று கவலையாக இருக்கிறது.

எஸ்., ராஜபாளையம்

அன்புள்ள எஸ்.,

நோபல் விஷயம் தீராத பஞ்சாயத்து, அதற்குள் போகவில்லை. ஆனால் ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928-லேயே நின்றுவிடுகிறவர்கள் கிருஷ்ணனின் சொந்த வேலையைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அந்த வருடக் கடைசியில் அவர் கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சின்னப் படிகம் ஒன்றை மெல்லிய இழையில் காந்தப்புலத்துக்குள் தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொன்னார். எக்ஸ்ரே வைத்துப் படிக அமைப்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்த காலம் அது. 1936-ல் பிரிட்டிஷ் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலும் அவரும் சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத்தில் பேராசிரியர்.

1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகிறார். நீங்கள் 'அதிகாரி' என்று சொல்லும் வேலை இதுதான். சரி, அந்த ஆய்வகம் எதற்கு? அன்றைக்கு மதராஸ் கடையில் வீசையும் பலமும், வடக்கே சேரும் மணங்கும், அதிலும் ஒரே பெயருள்ள சேர் ஊருக்கு ஊர் வேறு எடை. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? ஒரு கிலோ என்றால் இதுதான் என்று நாட்டுக்கே காட்ட ஒரு பொருளும், அதைப் பாதுகாத்து, அதை வைத்து மற்ற எடைகளைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். பாரிஸ் பக்கத்தில் இருக்கும் சர்வதேச அளவை அலுவலகத்திலிருந்து வந்த 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் கிலோ அந்த ஆய்வகத்தில்தான் இருக்கிறது. இதை குமாஸ்தா வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

ஃபைலும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 1948-ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற விஞ்ஞானிகளோடு மூன்றாவது ஆள் இவர். கமிட்டிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் இயக்குநர் நாற்காலியில் இருந்துகொண்டே வெற்றிடத்தில் மெல்லிய கம்பிக்கு மின்சாரம் கொடுத்துச் சூடாக்கி, நடுவில் எவ்வளவு சூடு, முனைப்பக்கம் எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அதிலிருந்து உயர் வெப்பத்தில் உலோகத்தின் வெப்பக் கடத்தலைக் கண்டுபிடிக்கும் வழியை எஸ்.சி. ஜெயினோடு சேர்ந்து உருவாக்கினார். கவனித்தீர்களா, அளவை ஆய்வகத்துக்குப் பொருத்தமான கேள்வியைத்தான் எடுத்திருக்கிறார். ஆள் கெட்டிக்காரர்.

ராமனுக்கு இந்தத் தேசிய ஆய்வகங்களே பிடிக்காது. ஷாஜகான் மனைவியைப் புதைக்க தாஜ்மகால் கட்டினான், இவர்கள் கருவிகளைப் புதைக்கக் கட்டுகிறார்கள் என்று அவர் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் கிருஷ்ணன் விஷயத்தில் பொருந்தாது. இன்னொரு இயற்பியலாளரான மேக்நாத் சாஹா வைத்த குறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது: பணமும் ஆட்களும் ஆய்வகங்களுக்குப் போனால் பல்கலைக்கழகங்கள் காய்ந்துபோகும் என்றார் அவர். அலகாபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேராசிரியராக இருந்த சாஹாவே 1938-ல் கிளம்பிவிட்டார், பிறகு வந்த கிருஷ்ணனும் ஐந்து வருடத்தில் டெல்லிக்குப் போய்விட்டார். கிருஷ்ணனுக்கு டெல்லியில் ஆய்வு கிடைத்தது. அலகாபாத்தில் அடுத்தடுத்த வருடம் எம்.எஸ்ஸி. சேர்ந்த பையன்களுக்குத்தான் கிருஷ்ணன் கிடைக்கவில்லை. வீண் என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான்.

உங்கள் தங்கை மகன் எந்த ஆய்வகம் என்று நீங்கள் எழுதவில்லை. சேருவதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே இருக்கும் இளைஞர்கள் யாரிடமாவது இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சொந்தமாக ஒரு ஆய்வு மேசை கிடைக்க எத்தனை வருடம் ஆகிறது, பிஎச்.டி. மாணவர்களை எடுத்துக்கொள்ள விடுகிறார்களா. இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாகப் போகட்டும். கொஞ்சம் ஃபைலும் பார்ப்பார், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.