கிரேட் இன்ஜின் என்றால் என்ன? அதை மாற்றியமைத்து சென்னை சாலையில் ஓட்டலாமா?

கிரேட் என்றால் மரப்பெட்டி. தொழிற்சாலையில் முழுமையாக ஒன்றுசேர்த்து, பெட்டியில் வைத்து விற்கும் புது இன்ஜின்தான் இது. செவ்ரோலெட்டின் எல்எஸ்3 நல்ல உதாரணம்: 6.2 லிட்டர், சுமார் 430 குதிரைத்திறன்.

ஆனால் பெட்டியில் வருவது இன்ஜின் மட்டும்தான். ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், கிளட்ச், பிரேக் எல்லாம் அந்த பலத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கல்யாண மண்டப அடுப்பை ஃபிளாட் சமையலறையில் வைப்பது போல. அடுப்பு நல்லதுதான், கேஸ் குழாயும் புகைபோக்கியும் தாங்க வேண்டுமே!

பலரும் முதலில் கை வைப்பது கேம்ஷாஃப்டில், அதாவது இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டில். வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி மாற்றினால், வேகமாகச் சுழலும்போது காற்று நிறைய உள்ளே போகும், பலம் கூடும். அதே மாற்றம் மெதுவாகச் சுழலும்போது கெடுதல். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, வண்டி குலுங்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம் குறையும். பிரேக் பெடலை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர் அதை நம்பித்தான் வேலை செய்கிறது, அதனால் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். மே மாத மதியம், கத்திப்பாரா நெரிசலில், வெப்பமானி முள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு பெடலை மிதிக்க வேண்டாம். சாலைக்கு மிதமான கேம்ஷாஃப்டும் பெரிய ரேடியேட்டரும் போதும் என்பேன்.

அப்புறம் சட்டம். ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அடிப்படை விவரங்களை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓவில் கேளுங்கள்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய இன்ஜினையும் சிலர் கிரேட் இன்ஜின் என்கிறார்கள். அது பழைய இன்ஜின், உண்மையான கிரேட் இன்ஜின் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது.