வரலாற்றுச் சங்கத்துக்கு நிலைநிதி: ஐ.ஆர்.ஏ.விலிருந்து கொடுப்பதா, பங்குகளாகக் கொடுப்பதா?

கேள்வி: எனக்கு 72 வயது. அமெரிக்காவில் ஓய்வு வாழ்க்கை. எங்கள் கவுண்டியின் வரலாற்றுச் சங்கம் பழைய நிலப் பதிவேடுகளையும் புகைப்படங்களையும் பாதுகாத்து வருகிறது. அதன் எண்டோமென்ட் நிதிக்கு (நிலைநிதிக்கு) 60,000 டாலர் கொடுக்க எண்ணியிருக்கிறேன். டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வில் (எடுக்கும்போது வரி கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில்) போதிய பணம் இருக்கிறது. 9,000 டாலருக்கு வாங்கி இன்று 45,000 ஆகியிருக்கும் பங்குகளும் உண்டு. எதிலிருந்து கொடுப்பது நல்லது? சங்கம் அசலையே செலவழித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதிலிருந்தே தொடங்குவோம். வரிச் சலுகை எப்படியும் கிடைத்துவிடும். அசல் கரைந்துவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு.

நிலைநிதியில் அசல் முதலீட்டில் இருக்கும். ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் மட்டும் செலவுக்கு எடுப்பார்கள். சந்தை ஏறி இறங்குவதால், கடந்த 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பில் அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுவது வழக்கம். உங்கள் 60,000க்கு 4.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,700 டாலர். ஆவணக் காப்பாளரின் சம்பளத்துக்கு இது எந்த மூலைக்கும் போதாது. அமிலமற்ற பெட்டிகள், உறைகள், ஈரப்பதம் அளக்கும் கருவிகள், ஆண்டுக்குச் சில பதிவேடுகளை ஸ்கேன் செய்வது போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும். இத்தகைய அன்றாடப் பராமரிப்புக்கு நன்கொடையாளர் கிடைப்பதுதான் அரிது. கண்காட்சிக்கு எல்லாரும் கொடுப்பார்கள்.

யுப்மிஃபா என்ற 2006-ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டத்தைப் பென்சில்வேனியா தவிர மற்ற மாநிலங்கள் ஏற்றுள்ளன. நிலைநிதியை விவேகத்தோடு நிர்வகிக்க வேண்டும் என்கிறது அது. ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் விவேகமற்ற செயலாகக் கருதலாம் என்ற விதியைச் சில மாநிலங்கள் சேர்த்திருக்கின்றன. ஆனால் இந்தக் காப்பு, கொடுப்பவர் எழுத்தில் நிபந்தனை விதித்த பணத்துக்குத்தான். 'உங்கள் நற்பணிக்காக' என்று பொதுவாக எழுதிக் காசோலை அனுப்பினால், நிர்வாகக் குழு அதைத் தானாகவே நிலைநிதியில் போட்டு வைத்தாலும், நாளைக்கு ஒரு தீர்மானம் போட்டு எடுத்துச் செலவழிக்கலாம். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1804-இல் தொடங்கிய நியூயார்க் வரலாற்றுச் சங்கமே ஆண்டுதோறும் விழுந்த துண்டை நிலைநிதியிலிருந்து ஈடுகட்டி, 1993-இல் நூலகத்தை மூடும் நிலைக்கு வந்தது.

ஆகவே முதலில், சங்கம் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990-ஐ வாங்கிப் பாருங்கள். அதில் ஷெட்யூல் டி, ஐந்தாம் பகுதியில் நிலைநிதியின் ஐந்தாண்டுக் கணக்கு இருக்கும். ஈட்டிய வருமானம் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே, குழு தானாக ஒதுக்கியது எத்தனை சதவீதம், நிரந்தரம் எத்தனை சதவீதம் என்றும் கொடுத்திருப்பார்கள். சிறிய சங்கமாக இருந்து 990-ஈஇசட் அல்லது 990-என் என்ற சுருக்கப் படிவம் மட்டும் தாக்கல் செய்தால் இந்த விவரம் கிடைக்காது. அப்போது கணக்கறிக்கை, முதலீட்டுக் கொள்கை, செலவுக் கொள்கை மூன்றையும் கேளுங்கள். 'அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை' என்று பதில் வந்தால், பணத்தை அவர்களிடம் நேரடியாகக் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதியின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் (பலரின் நன்கொடை நிதிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அறக்கட்டளையில்), இந்தச் சங்கத்துக்கென்றே 'டெசிக்னேட்டட் ஃபண்ட்' தொடங்குவது நல்லது. அவர்கள் ஆண்டுக் கட்டணம் எடுப்பார்கள். 1 சதவீதம் என்றால் 600 டாலர். வலிக்கும் தொகைதான். ஆனால் சங்கமே மூடப்பட்டாலும் பணம் அதே நோக்கத்துக்குப் பயன்படும்.

எந்த வழியில் கொடுத்தாலும், பணம் போகும் முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். நிதியின் பெயர், நிரந்தர நிலைநிதி என்ற சொல், எந்தச் செலவுக் கொள்கைப்படி எடுப்பது, சந்தை விழுந்து மதிப்பு அசலுக்குக் கீழே போனால் எடுக்கலாமா கூடாதா, சங்கம் கலைந்தால் யாருக்குப் போவது: இவ்வளவும் அதில் இருக்கட்டும். நோக்கத்தை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 'கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய' என்று மட்டும் எழுதினால், ஸ்கேன் முடிந்ததும் பணம் பயனற்றுக் கிடக்கும். நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கலாம். 'அது முடிந்தபின் அல்லது இயலாதபோது, சேகரிப்புகளைப் பாதுகாக்கும் நெருக்கமான வேறு பணிக்கு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி எதிலிருந்து என்பது. உங்கள் நிலையில் ஐ.ஆர்.ஏ.தான். 70½ வயதைத் தாண்டியவர்கள் கியூ.சி.டி. முறையில், அதாவது ஐ.ஆர்.ஏ.விலிருந்து நேரே அறநிறுவனத்துக்குப் பணம் போகும்படி, நன்கொடை தரலாம். 2025-இல் ஒருவருக்கான உச்சவரம்பு 1,08,000 டாலர். அது விலைவாசிக்கேற்ப ஏறும். இந்தப் பணம் உங்கள் வருமானத்திலேயே சேராது. அதனால், வருமானத்தைப் பொறுத்து மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரீமியம் ஏறும் ஆபத்து குறைகிறது. 73 வயதில் தொடங்கும், ஐ.ஆர்.ஏ.விலிருந்து ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கட்டாய எடுப்புக்கு அடிப்படையான இருப்பும் குறைகிறது. இதற்கு ஐட்டமைஸ் செய்யவும் (வரிக் கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடவும்) வேண்டியதில்லை. பணம் உங்கள் வங்கிக் கணக்கைத் தொடக் கூடாது. 401(கே) என்ற, வேலையிட ஓய்வுச் சேமிப்புக் கணக்கிலிருந்து இது செல்லாது. டோனர் அட்வைஸ்ட் ஃபண்டுக்கும் (யாருக்குக் கொடுப்பது என்று நன்கொடையாளர் பின்னர் பரிந்துரைக்கும் நிதிக்கும்) செல்லாது. பதிலுக்கு விருந்து டிக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டாலும் சலுகை போய்விடும். எதுவும் பெறவில்லை என்று குறிப்பிட்ட ரசீது அவசியம்.

பங்குகளை நேரடியாகக் கொடுத்தால் 36,000 டாலர் லாபத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் கழிவு, ஐட்டமைஸ் செய்பவர்களுக்குத்தான் முழுதாகப் பயன்படும். வீட்டுக் கடன் முடிந்த ஓய்வாளர்கள் பெரும்பாலும், பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் பங்குகளை அவர்களுக்கு விடுங்கள்; வாரிசுக்குப் போகும்போது அடக்கவிலை அன்றைய மதிப்புக்கு உயர்ந்து, பழைய லாபத்துக்கு வரி இல்லாமல் போகும். ஐ.ஆர்.ஏ. பிள்ளைகளுக்குப் போனால் பொதுவாகப் பத்து ஆண்டுக்குள் எடுத்து வரி கட்ட வேண்டும். பின்னாளில் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால், சங்கத்தை ஐ.ஆர்.ஏ. பயனாளியாகப் படிவத்திலேயே சேருங்கள். உயிலில் மட்டும் எழுதினால், அந்தப் படிவத்தில் உள்ள பெயர்தான் செல்லுபடியாகும்.

நவம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். டிசம்பர் கடைசியில் கஸ்டோடியன்கள் (ஐ.ஆர்.ஏ. கணக்கை வைத்திருக்கும் நிறுவனங்கள்) திணறுவார்கள். அனுப்பும்போது உங்கள் பெயரையும் நிதியின் பெயரையும் காசோலையின் குறிப்பு வரியில் போடச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரே இல்லாமல் வரும் ஐ.ஆர்.ஏ. காசோலையைச் சங்கத்தின் அலுவலகம் பொது நன்கொடைக் கணக்கில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அனுப்பிய அன்றே தொகை, தேதி, நிதியின் பெயர் குறித்துப் பொருளாளருக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.