ஊட்டிக்கு வந்ததும் ஹாட் வாஷர் 6 லிட்டர் குடிப்பது ஏன்?

அண்ணா, கோவையில் மணிக்கு 4 லிட்டர் டீசல் குடித்த ஹாட் வாஷர் (சூடு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் மெஷின்) ஊட்டி ஷெட்டில் 6 குடிக்கிறது என்கிறீர்கள். மெஷின் மேல் பழி போடாதீர்கள். மணிக்கு 600 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற்றவே ஐந்தரை லிட்டர் ஆகும். கீழே தண்ணீரே 28-இல் வரும், அதனால் நாலில் முடிந்தது. 60-இல் வைத்துப் பாருங்கள், நாலுக்குள் நிற்கும்; கிரீஸுக்கு அது தாராளம்.

மிச்ச அரை லிட்டர் புகையில் போகிறது போல. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு லேசு. சமவெளிக்கு செட் செய்த பர்னர் (டீசலை எரிக்கும் பாகம்) இங்கே கறுப்பாகப் புகைந்து, தண்ணீர் சூடாகும் சுருள் குழாயான காயிலில் கரி அப்பிக்கொள்ளும். அப்புறம் சூடு தண்ணீரில் ஏறாமல் புகைக்குழாய் வழியே வானத்துக்குப் போகும். காயிலைச் சுத்தம் செய்து, பர்னரின் காற்று வழியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். வெறும் சேற்றைக் கழுவ என்றால் பர்னரே வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும்; விரல்தான் விறைக்கும்.